இரண்டாம் சுற்றில் விட்ட கயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தபோது பேதுருவுக்குத் தன் கால்விரல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு குளிர்க்கிடங்கில் அவனுக்கு இரவு வேலை. உறைந்த மீனும் கோழியும் பட்டாணியும் பெட்டி பெட்டியாகக் கூரை வரை அடுக்கியிருக்கும். உள்ளே மைனஸ் இருபது. தடித்த அங்கி, இரண்டு சோடிக் காலுறை, கையுறை எல்லாம் கொடுப்பார்கள். இருந்தாலும் எட்டு மணித்தியாலம் முடிகிறபோது குளிர் எலும்புக்குள் போய்க் குந்திவிடும். மற்ற ஞாயிறுகளில் நேரே வீட்டுக்குப் போய்க் குப்புற விழுந்தால் பின்னேரம் நான்கு மணிக்குத்தான் எழும்புவான். அன்றைக்கு அப்படிப் போக முடியவில்லை. வேலையிடத்துக் கழிவறையில் அரைக் காற்சட்டைக்கும் ஓட்டச் சப்பாத்துக்கும் மாறி, முகத்தில் நாலு தரம் தண்ணீர் அடித்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தான். ஏழே முக்காலுக்கு, சிட்னியின் மறுபக்கத்தில், சென்டெனியல் பூங்காவில் பத்துக் கிலோமீற்றர் ஓட்டம். ஓடப்போகிறவர் கோபாலகிருஷ்ணன். அவருக்குக் கண் தெரியாது. பக்கத்தில் ஓடி வழி சொல்கிறவன் பேதுரு.

ரயிலில் இருந்தால் நித்திரை வந்துவிடும் என்று கதவோரம் நின்றுகொண்டே போனான். பரமற்றா தாண்டும்போது மனைவி பேர்ளிடமிருந்து செய்தி வந்தது. "வீட்டை வாறியளா, அங்கை போறியளா?" அவன் "அங்கை" என்று ஒற்றைச் சொல் எழுதி அனுப்பினான். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் எழுதவில்லை.

பேதுரு மன்னார்க் கரையைச் சேர்ந்தவன். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் படகில் வந்தான். புறப்படும்போது மகள் டிலக்சிக்கு நான்கு வயது. ஏழு மாதம் தடுப்பு முகாமில் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள். வெளியே விட்டார்களே ஒழிய, வேலை செய்ய அனுமதி கொடுக்கவில்லை. ரான்ட்விக்கில் மாதா கோயில்காரர் ஒருவர் தன் வீட்டுப் பின்னறையில் இருக்கச் சொன்னார். காலையில் எழும்பினால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கட்டிலில் இருந்தபடி போனில் ஊருக்குக் கதைப்பான். கதைத்து முடிந்தால் சுவரைப் பார்ப்பான். பத்து நிமிட நடையில் அந்தப் பூங்கா இருந்தது. அறைக்குள் இருந்து தலை கெட்டுப்போகாமல் இருக்க முதலில் அங்கே நடந்தான். நடந்தும் நாள் முடியவில்லை என்றுதான் ஓடத் தொடங்கினான். அதற்கு முன் அவன் வாழ்க்கையில் ஓடியது பஸ்ஸுக்கும் ஷெல் குண்டுக்கும் மட்டும்தான்.

பூங்காவுக்குள் வட்டமாக ஒரு பெரிய தெரு இருக்கிறது. ஒரு சுற்று நாலு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் குளங்கள், கறுப்பு அன்னங்கள். இன்னொரு பக்கம் குதிரை ஓட்டுகிறவர்களுக்கான மண் பாதை. சைக்கிள்காரர்கள் கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு பறப்பார்கள். அந்தத் தெருவில் ஓடுகிற நேரம் எந்த விசா என்று யாரும் கேட்பதில்லை. முடிவு எப்போது வரும், ஊரில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்பதில்லை. அது அவனுக்குப் போதுமாக இருந்தது.

மூன்றாவது வருடம் ஒரு சனிக்கிழமை, அங்கே கூடுகிற ஓட்டக்காரர் குழு ஒன்று அவனை மறித்தது. கண் தெரியாதவர்களும் அவர்களுக்கு வழி சொல்கிறவர்களும் சேர்ந்த குழு. ஒருவருக்கு ஆள் வரவில்லை, கூட ஓட முடியுமா என்று கேட்டார்கள். அந்த ஒருவர்தான் கோபாலகிருஷ்ணன். திருச்சிக்காரர். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். சர்க்கரை வியாதி ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. பேதுரு வணக்கம் சொன்ன தொனியை வைத்தே, "சிலோனா நீங்க?" என்று கேட்டார். ஒரு முழ நீளக் கயிறு, இரண்டு நுனியிலும் வளையம். ஒன்று அவர் கையில், மற்றது பேதுரு கையில். பேதுரு அவரை இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. என்ன வருகிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாளே பிழையாகிப்போனது. தெருவுக்குக் குறுக்கே இரும்புத் தூண்கள் வந்தபோது பேதுரு "ஆறுதலா, ஆறுதலா" என்று கத்தினான். மெல்லப் போங்கள் என்பது அவன் சொன்னது. தன்னை ஏதோ தேற்றுகிறான் என்று எடுத்துக்கொண்டு அவர் அதே வேகத்தில் போய்த் தூணில் முட்டினார். முட்டிய இடத்தைத் தடவியபடி, "இதுல ஆறுதல் எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொற்களைப் பேசி வைத்துக்கொண்டார்கள். மெல்ல, நில், மேடு, பள்ளம், வலம், இடம். பத்து வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாக அப்படித்தான் ஓடினார்கள்.

வேலை அனுமதி கிடைத்ததும் பேதுரு செவன் ஹில்ஸுக்குக் குடிபெயர்ந்தான். கிடங்கில் இரவு வேலைதான் கிடைத்தது. வெள்ளி இரவு முடித்துவிட்டுச் சனி காலை ரயில் ஏறி வருவான். வேலை எப்படி என்று கோபாலகிருஷ்ணன் கேட்டபோது, "பகல் வேலைதான் அண்ணை, சுகமான வேலை" என்று சொல்லிவிட்டான். இரவு வேலை என்று சொன்னால் அவர் வேறு ஆள் பார்ப்பார் என்று பயந்தான். வேலையையும் காத்திருப்பையும் தவிர அவனிடம் இருந்தது அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான்.

பதினொரு வருடம் கழித்து நிரந்தர விசா வந்தது. இந்த வருடம் தை மாதம் பேர்ளும் டிலக்சியும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் தன்னளவு உயரத்தில் ஒரு பெண் பிள்ளை நின்று "அப்பா" என்றபோது அவன் ஒரு கணம் அவளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். எல்லோரும் வாழ்த்தினார்கள். இனி என்ன கவலை என்று கேட்டார்கள். கவலை என்று சொல்ல ஒன்றும் இல்லைதான். ஆனால் இந்த எட்டு மாதத்தில் வந்த களைப்பு, தனியாக இருந்த அத்தனை வருடத்திலும் அவனுக்கு வந்ததில்லை. வீடு பெரிதாயிற்று, வேலைநாள் ஆறாயிற்று. அவன் வருகிறபோது மகள் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள். அவள் வருகிறபோது அவன் கிடப்பான். பேர்ள் ஒருநாள் குசினி வாசலில் நின்று, சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"உங்களை நித்திரையில பாக்கவோ நாங்கள் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

அவன் கேட்டுக்கொண்டே கண் மூடியிருந்தான்.

இந்த ஓட்டத்துக்குக் கோபாலகிருஷ்ணன் ஐந்து மாதம் தயாரானார். அறுபது வயது முடிவதற்குள் பத்துக் கிலோமீற்றரை எழுபது நிமிடத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஒரு சனி இரவுக்குப் பேதுரு லீவு கேட்டிருந்தான், கிடங்கில் இரண்டு பேர் வராததால் அன்றைக்கும் நிற்கச் சொன்னார்கள். முடியாது என்று அவன் கிடங்கிலும் சொல்லவில்லை, கோபாலகிருஷ்ணனிடமும் சொல்லவில்லை.

ரான்ட்விக்கில் டிராமிலிருந்து இறங்கி அவன் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே வந்து, இலக்கத் தாளை நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றார்.

"வந்துட்டீங்களா பேதுரு? குரலே வரல. தொண்டை கட்டிருக்கா?"

"இல்லை அண்ணை. காலமைக் குளிர்."

"சாப்பிட்டீங்களா?"

"ஓம்."

அதுவும் பொய். மூன்று மணி இடைவேளையில் ஒரு தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும்தான். குழுவைச் சேர்ந்த மயூரா அவர்களிடம் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், சிட்னியிலேயே பிறந்தவள், உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிறவள். யாருக்காவது வழியில் ஆள் மாற வேண்டியிருந்தால் ஓடுவதற்காகத் தான் பூங்காவுக்குள் தண்ணீர் மேசையடியில் நிற்பதாக ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு பேதுருவின் முகத்தைப் பார்த்து, "யூ ஓகே, அங்கிள்?" என்றாள். "ஓகே, ஓகே" என்றான் அவன்.

வெளித்தெருவில் இரண்டரைக் கிலோமீற்றர், அதன்பின் பூங்காவுக்குள் இரண்டு சுற்று. தொடக்கத்தில் கூட்டம் முட்டி மோதியதால் பேதுரு விழிப்பாக இருந்தான். "இடம் கொஞ்சம். ஒரு ஆள் நடக்கிறார், விலகுறம். மேடு, மூண்டு, ரெண்டு, ஒண்டு. இறங்குது." வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனது. கோபாலகிருஷ்ணன் அன்று நல்ல ஓட்டம் ஓடினார். மூச்சு சீராக இருந்தது, கயிறு தொய்யவே இல்லை. பூங்கா வாசலுக்குள் நுழைகிறபோது அவருடைய கைக்கடிகாரம் பதினேழு நிமிடம் என்று பேசியது. "பரவால்லையே" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முதல் சுற்று எப்படி முடிந்தது என்று பேதுருவால் பிறகு நினைவுபடுத்த முடியவில்லை. அத்தி மரங்களின் நிழல், வெயில், நிழல், வெயில். மாறி மாறி முகத்தில் விழுந்தது. குளக்கரையில் வெயில் மட்டும் நின்றது. எட்டு மணித்தியாலக் குளிருக்குப் பிறகு அந்தச் செப்டெம்பர் வெயில் தோளில் விழுந்தபோது உடம்பு முழுவதும் இளகிக்கொண்டு போனது. கூட்டமும் குறைந்துவிட்டது. முன்னால் நேரான தெரு. சொல்ல ஒன்றும் இல்லாததால் வாய் ஓய்ந்தது. கோபாலகிருஷ்ணனின் சப்பாத்து ஓசையும் அவனுடைய சப்பாத்து ஓசையும் ஒன்றாக விழுந்தன. டப், டப், டப்.

அடுத்ததாக அவனுக்குத் தெரிந்தது கயிறு கையை வெட்டி இழுத்ததுதான்.

கண் திறந்தபோது கோபாலகிருஷ்ணன் தெருவில் குப்புறக் கிடந்தார். தெருவைப் பிரிக்க வைத்திருந்த செம்மஞ்சள் பிளாஸ்ரிக் கூம்பு ஒன்று அவர் காலடியில் உருண்டது. பின்னால் வந்தவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடினார்கள். ஒருவர் நின்று கேட்டார், பேதுரு கையைக் காட்டி அவரைப் போகச் சொன்னான். குனிந்து கோபாலகிருஷ்ணனைத் தூக்கினான். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தன. தாடையிலிருந்து இரத்தம் சொட்டி இலக்கத் தாளில் விழுந்தது.

"என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் அவர்.

"கூம்பு அண்ணை."

"நீங்க சொல்லலையே."

"ஒருத்தன் குறுக்கால வந்திட்டான். அவனைப் பாத்ததில..."

பொய் எப்படி அவ்வளவு கெதியாக வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. கோபாலகிருஷ்ணன் கைக்குட்டையை எடுத்துத் தாடையில் அழுத்தினார். "சின்னப் பசங்க. ஓட வந்துட்டு ஓட்டம் தெரியாது" என்றார். யாரோ ஒருவனை மெல்லத் திட்டினார், அப்படி ஒருவன் அங்கே இல்லவே இல்லை. பிறகு கையை நீட்டினார். பேதுரு கயிற்றை மாட்டினான். மறுபடி ஓடத் தொடங்கினார்கள்.

இருநூறு மீற்றர் போயிருப்பார்கள். பேதுருவுக்கு இப்போது நித்திரை ஒரு பொட்டும் இல்லை. பக்கத்தில் ஓடுகிறவரின் முழங்காலில் இரத்தம் காலுறை வரை இறங்குவது தெரிந்தது. அவர் முன்பு போலவே நம்பி, நிமிர்ந்து, தலையை நேராக வைத்து ஓடிக்கொண்டிருந்தார். அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

"அண்ணை, நில்லுங்கோ."

அவர் நின்றார். "என்ன வருது?"

"ஒண்டும் வரேல்ல. முந்தியும் ஒருத்தனும் குறுக்கால வரேல்ல. நான் நித்திரை கொண்டிட்டன்."

குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் அவர்களைத் தாண்டி ஓடினாள்.

"ஓடிக்கிட்டேவா?"

"ஓம்."

"எவ்வளவு தூரம்?"

"தெரியாது. நாலைஞ்சு எட்டு வைச்சிருப்பன். இரவு வேலை முடிச்சு நேரா வந்தனான். ஒவ்வொரு சனியும் அப்பிடித்தான் வாறனான்."

கோபாலகிருஷ்ணனின் முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டுப் பேதுரு பார்த்ததில்லை. குரலை உயர்த்தவுமில்லை.

"சைக்கிள் போற ரோடு இது. அந்தக் கூம்புக்குப் பதிலா ஒரு சைக்கிள் வந்திருந்தா?"

"ஓம் அண்ணை."

"ஓம் ஓம்னா ஆச்சா? நேத்து ஒரு போன் பண்ணிச் சொல்லியிருந்தா நான் வேற ஆளை ஏற்பாடு பண்ணியிருப்பேன்ல? எனக்கு இது விளையாட்டு இல்ல பேதுரு. நான் ஒவ்வொரு காலையும் உங்க வார்த்தை மேலதான் வைக்கிறேன்."

பேதுரு நின்றான். அவர் சொன்னது எல்லாம் சரி.

"அந்தப் பொண்ணு எங்க நிக்குது? தண்ணி மேசை?"

"இன்னும் அரைக் கிலோமீற்றர்."

"அதுவரைக்கும் நடக்கலாம். ஓட வேணாம்."

நடந்தார்கள். பத்து வருடத்தில் அவர்கள் கதைக்காமல் போன முதல் அரைக் கிலோமீற்றர் அதுதான். பேதுரு "மேடு" என்றான், "பள்ளம்" என்றான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. மேசையடியில் மயூரா ஓடி வந்து காயத்தைப் பார்த்தாள், தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், பிளாஸ்ரர் ஒட்டினாள். கோபாலகிருஷ்ணன் அவளிடம் நடந்ததை ஒரு வரியில் ஆங்கிலத்தில் சொன்னார். "அவருக்குக் களைப்பு, இனி நீ வா" என்பதுதான் அந்த வரி. தூங்கியதை அவர் சொல்லவில்லை. பேதுரு மணிக்கட்டிலிருந்து வளையத்தைக் கழற்றி மயூராவிடம் கொடுத்தான். அவள் அதை மாட்டிக்கொண்டு, "ரெடி, அங்கிள்? த்ரீ, டூ, ஒன்" என்றாள். இருவரும் வளைவில் திரும்பி மறைந்தார்கள்.

அவர்கள் மறைந்ததும் பேதுருவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இனிமேல் யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற நிம்மதி. அது வந்ததே அவனுக்கு வெட்கமாக இருந்தது. தெருவை விட்டு விலகி, காகிதம் போலப் பட்டை உரிகிற மரங்களுக்குக் கீழே போனான். புல்லில் ஈரம் இருந்தது. மேலே கிளைகளில் வௌவால்கள் தொங்கிக்கொண்டு கீச்சிட்டன. கொஞ்சம் இருப்போம் என்று இருந்தான். கொஞ்சம் சாய்வோம் என்று சாய்ந்தான். நீளக் கறுப்பு மூக்கு வெள்ளைப் பறவை ஒன்று பக்கத்தில் வந்து அவனுடைய சப்பாத்து நாடாவைக் கொத்திப் பார்த்தது. அதை விரட்டக் கை எழும்பவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். மயூரா குனிந்து நின்றாள், பக்கத்தில் அவளுடைய முழங்கையைப் பிடித்தபடி கோபாலகிருஷ்ணன். கழுத்தில் பதக்கம், தாடையில் பிளாஸ்ரர். வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஒன்றரை மணித்தியாலம் கிடந்திருக்கிறான்.

"இங்கதான் இருக்காரா? உக்காரலாமா?" என்றார் அவர். மயூரா அவரை இருத்திவிட்டு, மேசைகளைக் கட்டுவதற்குப் போனாள்.

"எத்தினை நிமிசம் அண்ணை?" என்று கேட்டான் பேதுரு.

"எண்பத்தி ஆறு."

பேதுரு தலையைக் குனிந்தான். அவர் காலை நீட்டிக்கொண்டு முழங்காலைத் தடவினார்.

"அந்தப் பொண்ணு கரெக்டா சொல்றா. ரைட், லெஃப்ட், பம்ப். ஒரு வார்த்தை கூடக் கொறைய இல்ல. ஒம்பதாவது கிலோமீட்டர்ல எனக்கு போரடிச்சுப் போச்சு."

பேதுரு சிரிக்கவில்லை.

"ஏன் சொல்லல நீங்க?" என்று கேட்டார். இப்போது குரலில் சூடு இல்லை, வெறுமனே கேட்டார்.

"சொன்னா வேற ஆளைப் பாப்பியள் எண்டு நினைச்சன்."

"பாத்திருப்பேன்தான்" என்றார் அவர். கொஞ்ச நேரம் புல்லை விரலால் அளைந்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். எனக்கும் தெரியும். முழுசாத் தெரியும்னு சொல்லல. சனிக்கிழமை காலைல உங்க மேல அட்டைப்பெட்டி வாசனையும் மீன் வாசனையும் வரும். வீட்லேர்ந்து குளிச்சுட்டு வர்ற ஆள் மேல அது எப்படி வரும்? வருஷக்கணக்கா எனக்கு அது தோணியிருக்கு. நான் கேக்கல. கேட்டா நீங்க நிஜத்தைச் சொல்லிடுவீங்க, அப்புறம் நான் உங்களை வரவேணாம்னு சொல்லணும். எனக்கு ஓட ஆள் வேணுமே. அதான் கேக்கல."

பேதுரு அவரைப் பார்த்தான். பிளாஸ்ரருக்குக் கீழே மெல்லிய கோடாக இரத்தம் மறுபடி கசிந்திருந்தது. அவன் பையிலிருந்து துவாயை எடுத்துத் துடைத்துவிட்டான். அவர் தாடையைத் தூக்கிக் காட்டினார்.

"நான் இனி வரேல்ல அண்ணை" என்றான் பேதுரு. "உங்களோட கோவத்தில இல்லை. என்னால ஏலாது. நான் வீட்டை போய்ப் படுக்க வேணும். பிள்ளையோட இருக்க வேணும். இவ்வளவு நாளும் அதுகள் இல்லையெண்டு ஓடினனான். இப்ப அதுகள் வந்திட்டுதுகள், நான்தான் அங்க இல்லை."

தூரத்தில் ஒலிபெருக்கியில் யாருக்கோ பரிசு அறிவித்தார்கள், கொஞ்சப் பேர் கை தட்டினார்கள்.

"சரி" என்றார் கோபாலகிருஷ்ணன். "வேற என்ன சொல்ல? சரி."

அவரை வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் டாக்ஸியில் ஏற்றினான். கயிறு மயூராவிடம் போய்விட்டது, அவர் அவனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏறும்போது, "வீட்டுல எல்லாரையும் கேட்டேன்னு சொல்லுங்க. ஒரு நாள் சாப்பிட வாங்க, ராத்திரி வேலை இல்லாத அன்னிக்கு" என்றார். கார்க் கதவு மூடியது.

திரும்பிப் போகிற ரயிலில் அவன் இருந்துகொண்டே போனான். செவன் ஹில்ஸைத் தாண்டிப் பிளாக்டவுன் வரை போய், அங்கே துப்புரவு செய்கிறவர் எழுப்பித் திரும்பி வந்தான். வீட்டுக்குள் நுழைந்தபோது பகல் ஒரு மணி. சோறும் மீன் குழம்பும் மேசையில் இருந்தன. பேர்ள் அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டையில் இருந்த இரத்தத்தைப் பார்த்தாள்.

"என்ன நடந்தது?"

"என்ரை இரத்தம் இல்லை" என்றான். "முகம் கழுவிப்போட்டு வாறன், சொல்லுறன்."

வழக்கமாக அந்த நேரத்தில் அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவான். டிலக்சி போனைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே இருந்தான். எட்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக இருந்தது அதுதான் முதல் தரம். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பேதுரு நடந்ததை எல்லாம் சொன்னான். தூங்கியதையும் சொன்னான், பொய் சொன்னதையும் சொன்னான். பேர்ள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். அவள் அவனுடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

"அந்த அங்கிள் பாவம்" என்றாள் டிலக்சி. பிறகு, "நீங்கள் நடக்கேக்கை எப்பிடி அப்பா நித்திரை வரும்?" என்று கேட்டாள்.

"நடக்கேக்கை இல்லை, ஓடேக்கை."

"அது இன்னும் மோசம்" என்றாள் அவள். சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். அவன் சிரித்தான். அதன்பிறகு அவளும் சிரித்தாள். பேர்ள் சிரிக்கவில்லை. "நல்லகாலம், இவ்வளவு நாளும் எங்களுக்கும் பகல் வேலை எண்டு பொய் சொல்லாமல் விட்டியளே" என்று மட்டும் சொன்னாள்.

சாப்பாடு முடிந்து அவன் படுக்கப் போகவில்லை. போக நினைத்தான், ஆனால் கோபாலகிருஷ்ணனுக்கு எப்படிக் கண் போனது, முதலில் யார் அவருக்கு ஓடக் காட்டிக் கொடுத்தது என்று டிலக்சி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்ததைச் சொன்னான். தெரியாததும் நிறைய இருந்தது. கதைத்துக்கொண்டே கதிரையில் கண் சொருகியது. அவள் எழுப்பாமல் எழும்பிப் போனது அவனுக்குக் கேட்டது.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் அவன் மேற்பார்வையாளரிடம் பகல் வேலைக்கு மாற்றித் தரும்படி கேட்டான். அவர் ஒரு தாளை நீட்டினார். அவனுக்கு முன்னால் பதினாலு பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். அடுத்த வருட நடுப்பகுதிக்கு முன் அவன் முறை வராது என்றார். பேதுரு பதினைந்தாவதாகத் தன் பெயரை எழுதினான். சனி இரவுகளுக்கு இனி வரமாட்டேன் என்றும் சொன்னான். அவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் குறித்துக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்து மயூரா செய்தி அனுப்பினாள். கோபாலகிருஷ்ணன் மறுபடி சனிக்கிழமை ஓடுகிறார், பத்துக் கிலோமீற்றர் எழுபத்தொன்பது நிமிடம். பேதுரு அதைக் கிடங்கு வாசலில் நின்று இரண்டு தரம் வாசித்தான். "சந்தோசம். அவரைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று எழுதினான். அனுப்பிவிட்டுப் போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, இரண்டாவது சோடிக் காலுறையையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.